தைக்காமல் ஓரம் மடிக்க உதவும் ஒட்டு நாடா: எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல

வீட்டில் தையல் இயந்திரம் இல்லை என்றும், தீபாவளி நெருங்குவதால் தையற்கடைகளில் சிறு வேலைகளை உடனே எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணவரின் புதிய அலுவலகக் காற்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டும், மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடையின் ஓரத்தை மடிக்க வேண்டும், கதவுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்த பருத்திக் குர்தாவைச் சரிசெய்ய வேண்டும். இந்த மூன்றுக்கும் இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒட்டும் நாடாவை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. ஒரே சலவையில் பிரிந்துவிட்டது என்று ஒருவரும், ஓராண்டாகியும் அப்படியே இருக்கிறது என்று இன்னொருவரும் சொன்னதால் குழப்பமாக இருக்கிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். காற்சட்டைக்கும் குர்தாவுக்கும் இந்த நாடாவைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பள்ளிப் பாவாடைக்கு வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாடா எப்படி ஒட்டுகிறது என்பது புரிந்துவிட்டால் இனி எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த நாடா பார்ப்பதற்குச் சிலந்தி வலையைத் தட்டையாக்கியது போன்ற மெல்லிய வெள்ளைப் பட்டையாக இருக்கும். அது துணியே அல்ல, முழுவதும் பசைதான். பெரும்பாலும் பாலிஅமைடு அல்லது பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த, சூட்டில் உருகிக் குளிர்ந்தால் இறுகும் பிளாஸ்டிக்கை இழைகளாக்கிப் பட்டையாகப் பரப்பியிருப்பார்கள். இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றினால் அது உருகி, இரு பக்கத்து நூலிழைகளின் இடைவெளிக்குள்ளும் புகுந்து, குளிர்ந்ததும் அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பசை நூலுக்குள் இறங்கியதா, இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அவசரமாக மேலே தேய்த்துவிட்டு எடுத்தால் பசை துணியின் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும். கையால் இழுத்துப் பார்த்தால் ஒட்டியதுபோல் தோன்றும், முதல் சலவையிலேயே வந்துவிடும். உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரிடையே உள்ள வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இரு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்வதுபோல் இழுத்தால் பசை நன்றாகத் தாங்கும்; ஓரத்தைத் தூக்கி உரிப்பதுபோல் இழுத்தால் தாங்காது. காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் படுக்கைவாட்டில் இழுத்தால் அசையாமல், ஒரு மூலையைத் தூக்கியதும் எளிதாக உரிந்து வருகிறதல்லவா, அதே கதைதான். காற்சட்டையை அவசரமாக மாட்டும்போது கால் கட்டைவிரல் மடிப்புக்குள் சிக்கினால் அது உரிக்கும் விசை. திரைச்சீலையின் கீழ் மடிப்பிலோ உரிக்கும் விசையே கிடையாது. அதனால்தான் திரைச்சீலையில் ஒட்டியது பல ஆண்டுகள் நிற்க, காற்சட்டையில் ஒட்டியதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இடுப்புப் பட்டை, அக்குள், காற்சட்டையின் நடுத்தையல், பை வாய் போன்று உடம்பின் அசைவு முழுவதையும் தாங்கும் இடங்களில் இந்த நாடாவை ஒருபோதும் வைக்கக்கூடாது.

வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை கிடைக்கிறது. காற்சட்டைக்கு இரண்டு சென்டிமீட்டர் அகலம் பொருத்தமானது. சட்டை, குர்தா ஓரங்களுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும். ஒரு பக்கம் காகிதம் ஒட்டிய நாடா, காகிதமில்லாத வெறும் வலை நாடா என இரு வகைகள் உண்டு. காகித வகையை முதலில் ஒரு துணியில் ஒட்டி, ஆறவிட்டுக் காகிதத்தை உரித்த பிறகு மடித்து மீண்டும் ஒட்ட வேண்டும். வேலை இரட்டிப்பு என்றாலும் நாடா நகராமல் இருக்கும் என்பதால் புதிதாகச் செய்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். டைசோ போன்ற மலிவுவிலைப் பொருள் கடைகளில் கிடைக்கும் சில நாடாக்கள் மூன்றாவது வகை: கறுப்பு அல்லது கருநீலத் துணிப்பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை பூசியிருப்பார்கள். அதை மடிப்பின் உள்ளே வைப்பதில்லை. வெட்டிய விளிம்பை மூடியபடி, பாதி மடிப்பின் மீதும் பாதி காற்சட்டையின் உட்புறத்திலும் படியுமாறு மேலே ஒட்ட வேண்டும். அலுவலகக் காற்சட்டைக்கு இது மிகவும் நல்லது, ஏனென்றால் நூல் பிரியும் விளிம்பும் மறைந்துவிடுகிறது, கால்விரல் சிக்க இடமும் இருப்பதில்லை. இங்கே சிங்கப்பூரில் பீப்பள்ஸ் பார்க் வளாகத்திலும் அராப் ஸ்திரீட்டிலும் உள்ள துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைத்தால், உறையில் இருக்க வேண்டிய குறிப்பைக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நீராவி வேண்டுமா, வேண்டாமா, எத்தனை வினாடி அழுத்த வேண்டும் என்பது நாடாவுக்கு நாடா மாறும். உறைமீது வேறு விதமாக எழுதியிருந்தால் நான் கீழே சொல்வதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

துணியைப் பொறுத்தவரை பருத்தி, பருத்தி கலந்த பாலியெஸ்டர், லினன், கம்பளி ஆகியவை நன்றாக ஒட்டும். நைலான், அக்ரிலிக் போன்றவை பசை உருகும் சூட்டிலேயே சுருங்கவோ பளபளத்துப் போகவோ கூடும். மழை ஒட்டாத பூச்சுள்ள மேலாடைகளில் பசை பிடிக்காது. வெளிச்சம் புகாத திரைச்சீலைகளின் பின்புறத்திலுள்ள ரப்பர் போன்ற பூச்சும் அப்படியே. நீட்டினால் விரியும் டீ சட்டைத் துணியில் ஒட்டிய இடம் மட்டும் விறைத்துக்கொண்டு, பக்கத்துத் துணி விரியும்போது பிய்ந்துபோகும். இவை தவிர்த்த எந்தத் துணியானாலும் முதலில் ஒருமுறை துவைத்துக் காயவிட வேண்டும். புதுத் துணியில் கஞ்சிபோன்ற பூச்சு இருக்கும், அது பசையை உள்ளே விடாது. அதைவிட முக்கியமாக, பருத்தி முதல் சலவையில் சுருங்கும், நாடா சுருங்காது. துவைக்காமல் ஒட்டினால் பிறகு மடிப்பு முழுவதும் சுருக்கம் விழுந்து நிற்கும். இந்த முதல் சலவையில் துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளின்மேல் வழவழப்பான படலத்தை விட்டுவிடுகிறது.

இனி காற்சட்டை. கணவரை அலுவலகக் காலணியோடு நிற்கச் சொல்லி, பின்பக்கம் குதிகாலின் மேல்விளிம்பைத் தொடும் நீளத்தில் ஊசி குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். இரு கால்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பலருக்கு ஒரு பக்கம் சற்றுக் கூடக்குறைய இருக்கும். குறித்த கோட்டுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் விட்டு மீதியை வெட்டுங்கள். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் சோதனைத் துணி. அதே துணி, அதே நாடா, அதே இஸ்திரிப் பெட்டி. அதில் ஒரு சிறு மடிப்பை ஒட்டி, முழுவதும் ஆறியபின் நனைத்துப் பிழிந்து, ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். பசை வெளிப்பக்கம் கசிந்து கறைபோல் தெரிகிறதா, துணி பளபளக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போதைய காற்சட்டைகள் பெரும்பாலும் கீழே போகப்போகக் குறுகும். அப்படிப்பட்ட காலை மேல்நோக்கி மடித்தால், குறுகிய விளிம்பு அகலமான இடத்தில் போய் உட்கார வேண்டியிருப்பதால் இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையிலேயே ஒட்டினால் வெளியே சுருக்கம் தெரியும், பசையும் எப்போதும் இழுவிசையில் இருந்து விரைவில் விட்டுவிடும். இதற்கு மடிப்புக்குள் போகும் பகுதியில் மட்டும் பக்கத்தையல்களை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பிரித்துவிட்டால் போதும், மடிப்பு தளர்வாகப் படியும். முதலில் நாடா இல்லாமலேயே மடித்து, குறித்த கோட்டில் கூர்மையாக இஸ்திரி போட்டு மடிப்பை நிலைப்படுத்துங்கள். பிறகு திறந்து, வெட்டிய விளிம்பை ஒட்டினாற்போல் அதற்கு உள்ளே நாடாவை வையுங்கள். விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூட நாடா வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். விளிம்பிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியும் இருக்கக்கூடாது, அங்கே உண்டாகும் திறந்த வாயில்தான் கால்விரல் சிக்கும். நாடாவை இழுத்துப் பிடித்து வைக்காமல் இயல்பாகக் கிடத்த வேண்டும்.

அடுத்தது சூடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இடம் போதாமல் பலர் மெத்தையின்மீது துணி விரித்து இஸ்திரி போடுகிறார்கள். சட்டைக்கு அது போதும்; இந்த வேலைக்குப் போதாது, ஏனென்றால் அழுத்தம் மெத்தைக்குள் போய்விடும். உறுதியான மேசையின்மேல் பருத்திப் போர்வையை நான்காக மடித்துப் போட்டு அதன்மீது செய்யுங்கள். காற்சட்டைக் காலுக்குள் ஒரு துண்டை மடித்து நுழைத்துவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் தவறி ஒட்டிக்கொள்ளாது. பெட்டியின் முகப்பில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இந்த வகைப் பசைகளில் பல 110 முதல் 130 டிகிரிக்குள் உருகுகின்றன. அப்படியானால் ஒரு புள்ளி போதுமே என்று தோன்றலாம். போதாது, ஏனென்றால் அந்தச் சூடு பெட்டியின் அடித்தகட்டில் இருப்பது; துணி அடுக்குகளைத் தாண்டிப் பசையை அடையும்போது குறைந்துவிடும். ஆகவே பாலியெஸ்டர் கலந்த காற்சட்டைக்கு இரண்டு புள்ளி, கனமான பருத்திக்கு மூன்று புள்ளி வைக்க வேண்டும்.

மேலே ஒரு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து போடுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமையாக இருக்கும். அந்த ஈரம் நீராவியாக மாறிச் சூட்டை வேகமாகவும் சமமாகவும் உள்ளே கொண்டுசெல்கிறது. வெளிப்பக்கம் பளபளப்பு ஏறாமலும் காக்கிறது. ஆனால் துணியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதை மறந்துவிடக்கூடாது. பசை உருகுவதற்கு அது போதாது. அதனால் 'ஸ்ஸ்' என்ற ஓசை அடங்கி, மேல்துணி காய்ந்து, ஆவி வருவது நின்ற பிறகும் மேலும் சில வினாடிகள் பெட்டியை அசைக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் ஆவி வந்ததுமே ஒட்டிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். வேலை கெடுவது அந்த இடத்தில்தான். பொதுவாக ஓரிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து வினாடி ஆகும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. வைத்து அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், முந்தைய இடத்தின்மீது சற்றுப் படியுமாறு அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் மடிப்பு கோணலாகிவிடும்.

பக்கத்தையல் வரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு மேடு தட்டும். அங்கே துணி நான்கு, ஐந்து அடுக்காக இருப்பதால் சூடு இறங்க இருமடங்கு நேரம் பிடிக்கும். பெட்டியின் தட்டையான அடிப்பகுதி மேட்டின்மீது உட்கார்ந்துகொள்வதால் அதன் இருபுறமும் உள்ள பள்ளத்தில் அழுத்தமே விழாது. ஒட்டிய காற்சட்டைகள் பிரியத் தொடங்குவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலிருந்துதான். அங்கே பெட்டியின் முனையைக் கொண்டு மேட்டின் இருபுறமும் தனித்தனியாக அழுத்துங்கள். பிறகு உள்ளிருந்து ஒருமுறை, வெளியிலிருந்து ஒருமுறை அழுத்துங்கள். தைக்காமல் செய்வதுதானே நோக்கம் என்றாலும், அந்த இரு பக்கத்தையல்களிலும் உட்புறத்து அடுக்கை மட்டும் பிடித்து இரண்டிரண்டு கைத்தையல் போட்டுவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும், வெளியே தெரியவே தெரியாது. உரிக்கும் விசை அங்கே தடுத்து நிறுத்தப்படுவதால் மடிப்பின் ஆயுள் வெகுவாகக் கூடும். ஊசியை நாடா இருக்கும் இடத்தில் குத்தாமல் தையல் மேட்டில் குத்துங்கள், ஏனெனில் கனமான பசை ஊசியில் ஒட்டி நூலை இழுக்கும்.

ஒட்டி முடித்ததும் கை துறுதுறுக்கும், இழுத்துப் பார்க்கத் தோன்றும். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். சூடாக இருக்கும்வரை பசை இளகித்தான் இருக்கும்; அந்த நேரத்தில் அசைத்தால் இழைகளுக்குள் புகுந்தது வெளியே வந்துவிடும். முதல் சலவையை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

சலவை இயந்திரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாம் பெரும்பாலும் குளிர்ந்த நீரிலோ 40 டிகிரியிலோதான் துவைக்கிறோம். பசை உருகும் சூட்டுக்கு அது வெகு கீழே. பசையைத் தளர்த்துவது நீண்ட ஊறலும், சுழற்சியின்போது மற்றத் துணிகளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்வதுமே. காற்சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி வலைப்பைக்குள் போட்டுத் துவையுங்கள். சூடாக்கி உலர்த்தும் இயந்திரத்தைத் தவிர்த்து, கம்பத்திலோ கொடியிலோ காயப்போடுங்கள். உலர்சலவைக்குக் கொடுப்பதாக இருந்தால் உறையைப் பாருங்கள்; அங்கே பயன்படுத்தும் கரைப்பான்களைத் தாங்காத பசைகளும் உண்டு. பிறகு ஒவ்வொரு முறை இஸ்திரி போடும்போதும் அந்த மடிப்பில் பசை மீண்டும் இளகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மற்ற இடங்களைத் தேய்ப்பதுபோல் அங்கே இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுத்தால் ஒட்டு தளர்வதற்குப் பதில் வலுப்படும்.

பள்ளிப் பாவாடைக்கு ஏன் வேண்டாம் என்றேன்? உங்கள் மகள் வளர்கிறாள். சீருடையை இன்று மடித்துவிட்டு அடுத்த ஆண்டு அவிழ்த்து நீளமாக்குவதுதான் நாம் எல்லோரும் செய்வது. நூலாக இருந்தால் பிரித்து ஒருமுறை இஸ்திரி போட்டால் அடையாளம் மங்கிவிடும். பசையைப் பிரித்தாலும் துணிக்குள் புகுந்தது முழுவதும் வெளியேறாது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு விறைப்பான, சற்று நிறம் மாறிய பட்டை ஒன்று பாவாடையைச் சுற்றித் தெரியும். அடிக்கடி துவைப்பதும், ஓடியாடுவதும், உட்கார்ந்து எழும்போது ஓரம் நாற்காலியில் சிக்குவதும் சேர்ந்து நாடாவைச் சோதிக்கும். வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால் கைத்தையல் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேக்கா நிலையத்தின் மேல்மாடியிலுள்ள தையல்காரர்களில் ஒருவரிடம் பண்டிகைக் கூட்டம் ஓய்ந்ததும் கொடுங்கள். அதுவரை அவசரத்துக்கு உட்புறம் சிறு ஊக்குகள் போதும்.

குர்தாவின் கிழிசலைப் பொறுத்தவரை, கொக்கியில் மாட்டிக் கிழிந்தது என்பதால் அது 'ட' எழுத்தைப் போல் ஒரு மூலையோடு கிழிந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அந்த வகைக் கிழிசலில் துணி எதுவும் காணாமல் போயிருக்காது, அதனால் நன்றாகச் சரிசெய்யலாம். அதே நிறத்தில், குர்தாவைவிடச் சற்று மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைக் கிழிசலின் எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்குமாறு வெட்டுங்கள். குர்தாவின் பக்கத்தையலுக்குள் மிகுதியாக விட்டிருக்கும் துணி கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. துண்டின் நான்கு மூலைகளையும் வட்டமாக நறுக்கிவிடுங்கள். கூரான மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும். துண்டின் அளவுக்கே நாடாவைப் பக்கத்தில் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, மேலே கேக் சுடும்போது தட்டில் போடும் வழவழப்பான காகிதத்தை வைத்து, லேசாகச் சூடாக்கித் துண்டின்மீது பிடிக்கவையுங்கள். ஆறியதும் காகிதம் தனியே வந்துவிடும்.

பிறகு குர்தாவை உட்புறம் திருப்பி, மேசையில் அதே காகிதத்தை விரித்து அதன்மீது கிழிசலைக் கிடத்துங்கள். தொங்கும் நூல்களை வெட்டி எறியாமல், ஊசிமுனையால் ஒவ்வொன்றாக அதனதன் திசையில் படுக்கவைத்து, இரு விளிம்புகளையும் இடைவெளி தெரியாதபடி நெருக்கிச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு நிமிடப் பொறுமைதான் சரிசெய்த இடம் கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் முடிவு செய்கிறது. சேர்த்தபின் அசைக்காமல் துண்டை மேலே வைத்து, முன்பு சொன்னபடி ஈரத்துணி போட்டு அழுத்துங்கள். அடியில் காகிதம் இல்லாவிட்டால் கிழிசல் வழியே கசியும் பசை மேசைவிரிப்போடு குர்தாவை ஒட்டிவிடும்.

தீபாவளி என்று குறிப்பிட்டதால் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவைக்கு ஃபால் வைப்பதற்கோ முந்தானை ஓரத்தை மடிப்பதற்கோ இந்த நாடாவைப் பயன்படுத்தாதீர்கள். மெல்லிய பட்டில் பசை மறுபக்கம் கசிந்து எண்ணெய்க் கறைபோல் தெரியும், ஈரத்துணியின் நீர் பட்டில் தடம் பதிக்கும், பிளாஸ்டிக் கலந்த சரிகை சூட்டில் சுருண்டுகொள்ளும். கொசுவம் விழுவதும் கெடும், ஏனென்றால் விறைத்த ஓரம் மடிப்புக்கு வளைந்து கொடுக்காது. பட்டுக்குக் கைத்தையல் மட்டுமே.

ஒட்டியது கோணலாகிவிட்டால் பதற வேண்டாம். ஈரத்துணி போட்டு மீண்டும் சூடாக்கி, பசை இளகியிருக்கும்போதே மெதுவாகப் பிரியுங்கள். துணியில் தங்கிய பசையின்மீது பழைய பருத்தித் துண்டை வைத்துச் சூடாக்கிச் சூட்டோடு தூக்கினால் பசை அந்தத் துண்டுக்கு ஏறிவிடும். துண்டை மாற்றி மாற்றிச் சில முறை செய்ய வேண்டியிருக்கும். எஞ்சியதைச் சாராயக் கரைசலில், அதாவது மருந்தகத்தில் கிடைக்கும் ஆல்கஹாலில், பஞ்சை நனைத்துத் தட்டித் தட்டி எடுக்கலாம். முதலில் உட்புறத்தில் ஓரிடத்தில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்து, சன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள், ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். பெட்டியின் அடியில் பசை ஒட்டியிருந்தால் உலோகத்தால் சுரண்டாதீர்கள், மேற்பூச்சு போய்விடும். பெட்டி சூடாக இருக்கும்போது, தடித்த பழைய பருத்தித் துணியை மேசையில் விரித்து அதன்மீது அழுத்தித் தேயுங்கள். துணியில் பழுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை இடம் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு, அதன்பிறகே வெள்ளைச் சட்டையை எடுங்கள்.